வண்ணமும் துருவும் கூறும் வரலாறு

வரலாற்றுக்குரிய சான்றுகளைக் கல்வெட்டு, செப்பேடு, காசு, ஓலை, அரசாணை, பயணக்குறிப்பு என வகுத்துக் கற்பிப்பது பள்ளி மரபு. இவ்வகுப்பினுள் அடங்காத சான்றுகளும் உள. ஓர் இரும்புத் தகட்டின்மீது பூசப்பட்ட சாயம் ஒரு சான்று. அச்சாயம் உரிந்த இடத்தில் ஏறிய துரு மற்றொரு சான்று. சக்கரத்தின் உட்பகுதியில் காய்ந்து கிடக்கும் சேறும் ஒரு சான்றே. எந்த ஆணையின்படி அச்சாயம் பூசப்பெற்றது, எத்தனை கால்கள் ஏறி இறங்கியதால் அஃது உரிந்தது, எந்த நாட்டு மண் அச்சேறாயிற்று என்று வினவத் தொடங்கினால், ஊமையாய் நிற்கும் இரும்பும் பேசத் தொடங்கும்.

இவ்வினாக்களையே தொழிலாகக் கொண்ட கைவினை ஒன்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவியது. போர்க்களத்தில் ஓடிய டாங்கிகளையும் படை லாரிகளையும் கையில் ஏந்தும் அளவிற்குச் சிறிதாக்கி, அவற்றிற்குச் சாயம் தீட்டி, புழுதியும் சேறும் துருவும் படிந்த தோற்றத்தைத் தூரிகையால் உண்டாக்குவதே அக்கைவினை. இவ்வாறு உழைத்துக் களைத்த தோற்றத்தை அளிக்கும் பகுதியைப் ‘பழமையூட்டல்’ எனக் கூறலாம். புறத்தே நோக்குவார்க்கு இது சிறுவர் விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் விளையாட்டுப் பொருளாய்ப் பிறந்தது சான்றுகளைத் தேடி ஆராயும் பயிற்சியாய் வளர்ந்த வரலாறு, ஆசிரியரும் மாணவரும் அறிதற்குரியது. அச்சான்றுகளால் சொல்ல முடியாதது எது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியேயாம்.

கருநிழலாய் நின்ற மாதிரிகள்

போர்க்கருவிகளின் சிறுவடிவங்கள் பள்ளிக்கூடத்தினுள் முறையாக நுழைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டுப் பள்ளி மாணவரிடம் 5 இலட்சம் விமான மாதிரிகளைச் செய்து தருமாறு வேண்டியது. வகைக்கு 10,000 வீதம் 50 வகை விமானங்கள் தேவைப்பட்டன. மாணவர் அவற்றை மரத்தில் செதுக்கினர். ஒவ்வொரு மாதிரியும் உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவினது. வானில் செல்வது தம் விமானமா பகைவர் விமானமா எனப் படைவீரரும் காவற்பணியாளரும் கணத்தில் கண்டறியப் பயில்வதே அதன் நோக்கம். 10 மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, அம்மாதிரி 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் அளவில் கண்ணுக்குப் புலப்படும்.

அம்மாதிரிகள் அனைத்தும் கருஞ்சாயம் பூசப்பெற்றவை. வானத்தின் ஒளிக்கு எதிரே விமானம் கருநிழலாகவே தெரியுமாதலின், வடிவம் ஒன்றே அங்குத் தேவைப்பட்டது. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எத்தனை நாள் உழைப்பு என்பன பற்றி அக்கருமை ஒன்றும் கூறவில்லை. வடிவத்தை மட்டும் கற்பித்த அம்மாதிரிகளிலிருந்து, ஒரு குறிப்பிட்ட ஊர்தியின் ஒரு குறிப்பிட்ட நாளைக் காட்ட முயலும் மாதிரிகள் வரையுள்ள தொலைவே இக்கைவினை நடந்துவந்த தொலைவு எனலாம்.

எரிந்த நகரில் எழுந்த தொழில்

இக்கைவினையின் பிற்கால வளர்ச்சிக்குப் பெரிதும் காரணமான இடம் ஜப்பான் நாட்டின் ஷிசுவோக்கா நகரம். மரவேலைக்கும் அரக்குப் பூச்சுக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர் அது. 1945ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் வரை நிகழ்ந்த அமெரிக்க விமானத் தாக்குதலில் அந்நகரின் பெரும்பகுதி எரிந்தது. போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1946இல், யோஷியோ தமியா என்பார் அந்நகரில் மரம் அறுத்து விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். விரைவிலேயே மரத்தாலான கப்பல் மாதிரிகளையும் விமான மாதிரிகளையும் செய்து விற்கும் பிரிவு அதனுடன் சேர்ந்தது. 1953இல் மர வணிகத்தை விடுத்து, மாதிரிகள் செய்தலையே அந்நிறுவனம் தன் தொழிலாகக் கொண்டது.

1950களின் நடுவில் மேலைநாட்டுப் பிளாஸ்டிக் மாதிரிகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தன. எஃகு அச்சினுள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கப்பெற்ற அவற்றின் நுட்பத்தோடு மரம் போட்டியிட இயலவில்லை. மர மாதிரிகளின் விற்பனை சரிந்தது. தமியா நிறுவனமும் பிளாஸ்டிக்கை நாடி, 1960இல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலின் மாதிரியை வெளியிட்டது. ஆனால் மற்றொரு நிறுவனம் அதே கப்பலின் மாதிரியைக் குறைந்த விலைக்கு விற்றமையால் அம்முயற்சி இழப்பில் முடிந்தது.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, போரை நாட்டின் உரிமை என்னும் நிலையிலிருந்து என்றென்றைக்குமாகத் துறந்தது. போரைச் சட்டத்தால் துறந்த நாட்டில், போரால் எரிந்த நகரில், போர்க்கருவிகளின் சிறுவடிவங்கள் பெருந்தொழிலாய் வளர்ந்தன. இம்முரண்பாடு இக்கைவினையை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

மின்கலம் வகுத்த அளவு

யமாட்டோவின் இழப்பிற்குப் பின்னர், 1961ஆம் ஆண்டின் இறுதியில் தமியா நிறுவனம் ஜெர்மானியப் ‘பாந்தர்’ டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. நிறுவனரின் மகனாகிய ஷுன்சாகு தமியா (1934–2025) அதனை உருவாக்குவதில் முன்னின்றார். ஓவியர் ஷிகெரு கொமாட்சுசாகி அதன் பெட்டிக்கு ஓவியம் தீட்டினார். அம்மாதிரி மின்பொறியால் தரையில் ஊர்ந்து சென்றது; சிறுவர் அதனை விரும்பி வாங்கினர்.

அதன் அளவு 35இல் ஒரு பங்கு. இவ்வளவு எங்ஙனம் தோன்றியது என்பது சுவையான செய்தி. 48இல் ஒரு பங்கு, 72இல் ஒரு பங்கு என்பன ஆங்கில அடிக்கணக்கில் பிறந்தவை. ஓர் அடியைக் கால் அங்குலமாகக் கொண்டால் முன்னது, ஆறில் ஓர் அங்குலமாகக் கொண்டால் பின்னது. 35இல் ஒரு பங்கோ அத்தகைய கணக்கெதிலும் பிறந்ததன்று. டாங்கியின் உடலுக்குள் இரண்டு மின்கலங்களும் மின்பொறியும் பல்சக்கரப் பெட்டியும் அடங்கவேண்டும்; அவை அடங்கும்படி உடலை வகுத்தபோது கிடைத்த அளவே அது. 6.87 மீட்டர் நீளமுடைய பாந்தரின் உடல் அவ்வளவில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டராகும். பிற்காலத்தில் உலகெங்குமுள்ள நிறுவனங்கள் படையூர்தி மாதிரிகளுக்கு இவ்வளவையே பின்பற்றின. கடையில் விற்ற மின்கலத்தின் பருமன் ஒரு கலையின் அளவுகோலை வகுத்தது. பெரிய வழக்கங்கள் சில வேளைகளில் இத்தகைய சிறிய காரணங்களிலிருந்து கிளைப்பதை வரலாறு பயில்வோர் அறிவர்.

1968இல் அந்நிறுவனம் ஜெர்மானிய டாங்கி வீரர்களின் சிற்றுருவங்களை வெளியிட்டது. படைக்கலச் சிறுவடிவங்களின் நீண்ட வரிசை ஒன்றிற்கு அதுவே தொடக்கம். ஊர்தியின் அருகே மனிதன் நின்றதும் அதன் பருமன் புலப்பட்டது. விளையாடிய சிறுவரும் இதற்குள் வளர்ந்திருந்தனர். ஓடும் பொம்மையைக் காட்டிலும் மெய்யான தோற்றத்தை அவர்கள் நாடினர். மின்பொறி விலகிற்று, அது விட்ட இடத்தில் நுட்பம் புகுந்தது. ஷுன்சாகு தமியா அமெரிக்காவின் அபர்தீன் படைக்கலக் காட்சியகம் போன்ற இடங்களுக்குச் சென்று, உண்மை டாங்கிகளைப் பல கோணங்களிலும் படம் பிடித்து வந்தார். ஓர் ஆணியின் தலை எத்திசையில் உள்ளது என்பதும் அதன்பின் ஆராய்ச்சிக்குரிய செய்தியாயிற்று.

அழுக்கு கலையான காலம்

வடிவம் துல்லியமாயிற்று, நிறமோ தொடக்கத்தில் பொம்மையின் நிறமாகவே இருந்தது. உடல் முழுவதும் ஒரே சாயத்தைப் பூசிச் சக்கரங்களுக்குக் கருமை தீட்டினால் வேலை முடிந்துவிடும். ஆயினும் அத்தகைய மாதிரி, 35 மடங்கு பெரிதாயின் தொழிற்சாலையிலிருந்து அன்றே வெளிவந்த ஊர்தியாகத் தோன்றுமேயன்றிப் போர்முனையில் நின்ற ஊர்தியாகத் தோன்றாது.

இக்குறையை நீக்கியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் (1946–2015). 1970களில் மோனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகளோடு, ஊர்திகளைக் களக்காட்சியாக அமைக்கும் முறையை விளக்கும் அவருடைய தாள்கள் வழங்கப்பெற்றன. 1980இல் களக்காட்சி அமைத்தல் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அவருக்குப் பின் பெல்ஜியம் நாட்டினரான பிரான்சுவா வெர்லிண்டன், 1970களின் இறுதியிலும் 1980களிலும் தம் நூல்களாலும் படங்களாலும் இருவகை உத்திகளை உலகெங்கும் பரப்பினார்.

அவற்றுள் முதலாவது, நீர்த்த சாயப் பூச்சு. மிகவும் நீர்த்த கரும்பழுப்புச் சாயத்தை மாதிரியின்மேல் ஓடவிட்டால், அது தானே சென்று இடுக்குகளிலும் ஆணிகளின் அடியிலும் தங்கும். நுண்ணிய பள்ளத்தில் நீர்மம் தானாகவே படர்ந்து செல்லும் இயல்பே அதற்குக் காரணம். இதனால் சிறு பள்ளங்கள் நிழல்பெற்று ஆழமாய்த் தோன்றும். இரண்டாவது, உலர்தூரிகை முறை. தூரிகையில் வெளிர்சாயத்தை ஏற்றி, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சியதை மேடுகளின்மேல் மெல்ல உரசினால், விளிம்புகள் மட்டும் ஒளிபெறும். உண்மை ஊர்தியில் கதிரவன் செய்யும் வேலையைச் சிற்றுருவில் தூரிகை செய்கிறது. சிறிய பொருளில் நிழல் போதிய அளவு விழாதாகலின், அந்நிழலையும் தீட்டிக் காட்டவேண்டியிருக்கிறது.

இதன்கண் வேதியியல் பாடமும் அடங்கியுள்ளது. அடிச்சாயம் நீரில் கரையும் அக்ரிலிக் வகையாயின், மேலே ஓடவிடும் சாயம் தார்ப்பைன் போன்ற எண்ணெய்க் கரைப்பானில் கரையும் வகையாய் இருத்தல் வேண்டும். ஒன்றின் கரைப்பான் மற்றொன்றைக் கரைக்காதாதலின், கீழ்ப்பூச்சு சிதையாமல் மேற்பூச்சை வேண்டுமிடத்தில் துடைத்தெடுக்கலாம். 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஸ்பெயின் நாட்டினரான மிகேல் ஹிமேனெஸ் முதலியோர் வண்ணப்பொடிகளைக் கொண்டு புழுதியையும் சேற்றையும் காட்டும் முறைகளைப் பரப்பினர். துருநிறத்தின்மேல் தலைமயிருக்குத் தெளிக்கும் பசைநீரைத் தூவி, அதன்மேல் வெண்சாயம் பூசி, பின்னர் நீர் தொட்டுத் தேய்த்தால், அடியிலுள்ள பசை கரைந்து வெண்மை திட்டுத்திட்டாக உரியும். பனிக்காலத்தில் ஊர்திகளுக்கு அடித்த சுண்ணச்சாயம் மழையிலும் உராய்விலும் கரைந்த தோற்றத்தை இம்முறை அப்படியே காட்டுகிறது.

துருவுக்கும் காரணம் உண்டு

உத்திகள் பெருகியபோது ஒரு தீங்கும் உடன் வந்தது. துரு அழகாய் இருக்கிறது என்பதற்காக எங்கும் துரு. சேறு கண்ணைக் கவர்கிறது என்பதற்காக எங்கும் சேறு. பழமையூட்டல் என்னும் பெயரே இம்மயக்கத்திற்கு ஓரளவு இடந்தருகிறது. இரண்டாம் உலகப் போரில் களம் புகுந்த டாங்கிகளுள் பல, சில வாரங்களிலோ சில திங்களிலோ அழிந்துபட்டவை. பழையதாகும் வரை அவை வாழ்ந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் மழையில் கிடந்த கலத்தின் துருவை மூன்று திங்கள் ஓடிய ஊர்தியின்மீது தீட்டுவது, சான்றில்லாத செய்தியை வரலாற்று நூலில் எழுதுவதை ஒக்கும்.

ஆகவே தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொரு கறைக்கும் காரணம் வினவுவர். புகைபோக்கிக் குழாய் மெல்லிய தகட்டால் ஆனது. மாறிமாறிச் சூடேறித் தணிவது. சாயம் கருகி உதிர, அது விரைவில் துருப்பிடிக்கும். சங்கிலிப்பட்டையின் பக்கங்கள் பழுப்பேறினும், தரையோடு உராயும் பகுதியும் சக்கரப்பற்கள் பதியும் பகுதியும் தேய்ந்து வெள்ளிபோல் ஒளிரும். தடித்த கவசத்தகட்டில் சாயம் உரிந்தால் உடனே துரு தோன்றுவதில்லை. செந்நிற அடிச்சாயம் பூசப்பெற்ற ஊர்தியாயின் முதலில் அச்செம்மையே தெரியும். வீரர் ஏறும் விளிம்பும் கதவின் கைப்பிடியும் தேயும். எவரும் தொடாத பக்கத்தகடு தேயாது. எரிநெய் ஊற்றும் வாயின் கீழே எண்ணெய்க்கறை வழியும். சக்கரத்திலிருந்து எழும் புழுதி பின்புறத்திலேயே மிகுதியாகப் படியும்.

அளவும் காரணத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. 35இல் ஒரு பங்கு மாதிரியில் 2 மில்லிமீட்டர் அகலமாகத் தீட்டப்பெற்ற கீறல், உண்மை ஊர்தியில் 7 சென்டிமீட்டர் அகலமுடைய காயமாகும். மாதிரியை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பவர், உண்மை ஊர்தியைப் பத்தரை மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பவரை ஒப்பர். அத்தொலைவில் தெரியாத கீறலைத் தீட்டுதல் மிகையாகும். ஊர்தியில் எவர், எங்கே, எப்படி ஏறினர் என்பதை அறியாமல் ஒரு கீறலைக்கூடச் சரியாக இட இயலாது. வீரரின் அன்றாட வாழ்வை ஆராயும் தேவை இங்கேதான் பிறக்கிறது.

சாம்பல் நிறத்துள் மறைந்த பழுப்பு

இக்கைவினைஞரின் கண்கள் எத்துணைக் கூரியவாயினும், அவற்றையும் ஏமாற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1939இல் போலந்து நாட்டினுள்ளும் 1940இல் பிரான்சு நாட்டினுள்ளும் புகுந்த ஜெர்மானிய டாங்கிகள் முழுவதும் கருஞ்சாம்பல் நிறமுடையவை எனப் பல்லாண்டுகளாக நம்பப்பெற்றது. நூல்கள் அவ்வாறு கூறின. மாதிரிப் பெட்டிகளின் குறிப்புகளும் அவ்வாறே கூறின. எண்ணற்ற மாதிரிகள் அந்நிறத்தையே பெற்றன. அக்காலப் புகைப்படங்களிலும் அந்த ஊர்திகள் ஒரே நிறமாய்த் தோன்றியமையால் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

ஆனால் ஜெர்மானியப் படைத்துறையின் ஆணைகளை ஆவணங்களில் தேடிப் படித்த தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலரி டாயில் ஆகிய ஆய்வாளர் வேறொரு செய்தியைக் கண்டனர். 1937 முதல் நடைமுறையிலிருந்த ஆணையின்படி ஊர்தியின் மூன்றில் இரு பங்கு கருஞ்சாம்பல். எஞ்சிய ஒரு பங்கு கரும்பழுப்பு. 1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் பிறந்த ஆணையே கருஞ்சாம்பல் ஒன்றை மட்டும் பூசச் சொன்னது. அவ்வாறாயின், போலந்திலும் பிரான்சிலும் அந்தப் பழுப்பு இருந்திருத்தல் வேண்டும். புகைப்படத்தில் அது தோன்றாமைக்குக் காரணம் எளியது. கருஞ்சாம்பலும் கரும்பழுப்பும் ஏறத்தாழ ஒரே அளவு இருண்டவை. கருப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பதிப்பதில்லை. ஒளியின் அளவை மட்டுமே பதிக்கிறது. புழுதியும் படிந்துவிட்டால் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆணையை அறிந்தபின் அதே படங்களைக் கூர்ந்து நோக்கியோர்க்கு, அவற்றுள் சிலவற்றில் இருநிறத்தின் எல்லைக்கோடு மெல்லத் தெரிந்தது. படங்கள் மாறவில்லை; பார்த்தவர் கேட்ட வினா மாறியது.

கண்ணால் கண்டதே மெய் எனக் கொள்ளும் மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் அரிது. புகைப்படமும் ஒருவகைச் சான்றே. ஆயின் அது எதனைப் பதிக்கும், எதனைப் பதிக்காது என்பதை அறிந்த பின்னரே அதன் சொல்லை ஏற்கவேண்டும்.

ஆணை மட்டும் போதும் என்று கொள்வதும் தவறேயாம். 1943ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜெர்மானியப் படை அடிநிறத்தைக் கருமஞ்சளாக மாற்றியது. அதன்மேல் தீட்டுவதற்கு ஆலிவ்ப் பச்சையும் செம்பழுப்பும் பசை வடிவில் தகரக் குவளைகளில் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பெற்றன. வீரர் அப்பசையை நீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தாமே பூசினர். கரைசல் திண்மையாயின் நிறம் அடர்ந்தது, நீர்த்ததாயின் வெளிறிற்று. தூவுகருவி கிட்டிய இடத்தில் மேகம் போன்ற பூச்சு. கிட்டாத இடத்தில் தூரிகைப் பூச்சு. ஆணை ஒன்றாயினும் ஊர்திகள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. தலைநகரில் எழுதப்பட்ட ஆணைக்கும் களத்தில் நின்ற மனிதனின் கைக்கும் இடையே உள்ள இடைவெளியை வரலாற்று மாணவர் எல்லாத் துறைகளிலும் காண்பர். இங்கு அவ்விடைவெளி சாயத்தின் வடிவில் கண்ணுக்குப் புலனாகிறது.

இங்கிலாந்தில் போவிங்டன் என்னுமிடத்தில் உள்ள டாங்கிக் காட்சியகமும் இவ்வகை ஆய்வைப் போற்றியது. 1943ஆம் ஆண்டு ஏப்ரலில் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட ‘டைகர் 131’ என்னும் ஜெர்மானிய டாங்கி 1951இல் அக்காட்சியகத்தை அடைந்தது. நெடிய சீரமைப்பிற்குப் பின் 2003இல் அது மீண்டும் ஓடும் நிலை பெற்றது. தொடர்ந்து நடந்த வேலைகள் முடிந்து, அது போர்க்காலத்து வண்ணத்தைப் பெற்றது 2012இல்தான். பொறியைச் சீராக்கி ஓட்டிய பின்னும், நிறத்தைச் சீராக்கும் வேலை அவர்களுக்கு எஞ்சியிருந்தது.

மலாயாவின் செம்மண்

சேற்றின் நிறமும் சான்றேயாம். ரஷ்யச் சமவெளியின் கரிசல் மண்ணும், துனீசியாவின் வெளிறிய புழுதியும், வெப்பமண்டலத்துச் செம்மண்ணும் ஒன்றல்ல. மலாயாவின் நெடுஞ்சாலைகளிலும் 1941ஆம் ஆண்டு டிசம்பர் முதல் டாங்கிகள் ஊர்ந்தன. டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையேறிய ஜப்பானியப் படை, வடக்கிலிருந்து வந்த பிற படைகளோடு தெற்கு நோக்கி நகர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் அருகே, ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் அணிகளைப் பிளந்துகொண்டு சென்றன. எதிர்நிறுத்த மலாயாவில் அப்போது பிரிட்டிஷ் தரப்பிற்கு டாங்கிகளே இல்லை. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

அப்போரில் வந்த 97ஆம் வகை டாங்கி ஏறத்தாழ 15 டன் எடையும் 57 மில்லிமீட்டர் பீரங்கியும் உடையது. அதன் மாதிரியையும் ஷிசுவோக்கா நிறுவனம் 1970களின் நடுவில் வெளியிட்டது. 35இல் ஒரு பங்கு அளவில் அது 16 சென்டிமீட்டர் நீளமுடையது. அதனைச் சிலிம் ரிவர் ஊர்தியாக அமைக்க விரும்புவோர், இரும்புச்சத்தால் சிவந்த மண்ணையும், சனவரி மழையின் ஈரத்தையும், இரப்பர்த் தோட்டத்துச் சருகையும் கருதவேண்டும். ஐரோப்பியக் களத்தின் சாம்பற்சேற்றை அதன்மேல் அப்பினால் அது மலாயாவுக்கு வந்த ஊர்தியாகாது.

ஆயினும், செம்மண்ணைச் சரியாகத் தீட்டிய மாதிரியும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சங்கிலிப்பட்டைகளின் பின்னே வந்த ஆட்சிக்காலத்தில், பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் திரும்பாதோர் மிகப் பலர். டாங்கி சென்ற சாலையின் இருபுறமும் வாழ்ந்தோரின் கதை, டாங்கியின்மேல் படிந்த மண்ணில் எழுதப்படவில்லை.

கைவினையின் எல்லை

போர்க்கருவியின் மாதிரியைச் செய்தல் போரை விரும்பச் செய்யுமோ என்பது கல்வியாளர் எழுப்பும் வினா. அவ்வினாவைப் புறந்தள்ளுதல் ஆகாது. தூய்மையாய், ஒளிரும் சாயத்தோடு, வெற்றிக்கோலத்தில் நிற்கும் மாதிரி போரை அழகாக்கிக் காட்டுகிறது. துரு, சேறு, தேய்வு ஆகியன அவ்வழகை ஓரளவு குறைத்து மெய்ம்மையைக் கூட்டுகின்றன. ஆனால் அவையும் நுட்பத்தால் புதியதோர் அழகாய் மாறிவிடுதல் கூடும். எரிந்துபோன டாங்கியின் கருகிய நிறத்தை வியந்து பாராட்டுவோர், அதனுள் இருந்த ஐவரை மறந்துவிடுதல் எளிது. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுதலைச் சட்டம் தடுப்பதால், அங்கு விற்பனையாகும் மாதிரிப் பெட்டிகளில் அச்சின்னம் நீக்கப்பெறுவது வழக்கம். சாயத்தில் நுட்பம் தேடுவோர், அந்த ஊர்தி எந்த ஆட்சிக்காக ஓடியது என்பதையும் அறியவேண்டும் என்னும் கவலையே அச்சட்டத்தின் பின்னே உள்ளது.

எனவே இக்கைவினையைப் பள்ளியில் விலக்குவதைக் காட்டிலும் நெறிப்படுத்துவதே தக்கது. மாணவன் ஒருவன் மாதிரி ஒன்றைச் செய்ய விரும்பினால், தூரிகையைத் தொடுமுன் சில வினாக்களுக்கு விடை எழுதச் செய்யலாம். இஃது எந்த ஆண்டின் ஊர்தி? எந்தச் சாலையில் சென்றது? இந்த நிறத்திற்குச் சான்று ஆணையா, புகைப்படமா, வழிவழி வந்த நம்பிக்கையா? இந்தக் கீறலுக்குக் காரணம் யாது? இதனுள் இருந்தவர் யாவர்? இதன் எதிரே நின்றவர் யாவர்? முதல் நான்கு வினாக்களுக்குரிய விடைகளைச் சாயத்தாலும் பொடியாலும் மாதிரியின்மேல் காட்டலாம். இறுதி இரண்டனுக்குரிய விடைகளுக்கு மாதிரியில் இடமில்லை. அவற்றை எழுதி அதன் அருகே ஒரு தாளில் வைத்தல் வேண்டும். அத்தாளும் மாதிரியும் ஒருங்கே மேசைமேல் இருக்கும்போதுதான் அம்மாணவனின் வரலாற்றுப் பாடம் நிறைவுறும்.